வாசகி என்ற முறையில் சில குறைகள்

சிரிப்புக் கதைகள் எனக்குப் பிடிக்கும். பேருந்தில் படித்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்து, பக்கத்தில் இருப்பவர் தள்ளி உட்கார்ந்ததுண்டு. ஆகவே நகைச்சுவை தெரியாதவள் செய்த காரியம் இது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. நடந்ததை நானே எழுதித் தருகிறேன்.

நாவலை நீங்கள் படித்துவிட்டீர்கள். இந்த வாக்குமூலத்தைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே லென்ஸ் வெட்டிப் பொருத்தும் பெண் ஒருத்தி. கண்ணாடி வாங்க ஒரு டீச்சர் வருகிறாள். பார்த்த மாத்திரத்தில் இருவருக்கும் பிடித்துப்போகிறது. சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆகவே டீச்சர் கண்ணாடியை உடைத்துக்கொண்டே இருக்கிறாள். ஒருமுறை அதன்மேல் உட்காருகிறாள். ஒருமுறை துணியோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போடுகிறாள். ஒருமுறை நாய்க்குட்டி கடித்துவிட்டது என்கிறாள். அவள் வீட்டில் நாயே கிடையாது. அந்த இடத்தில் நானும் நன்றாகச் சிரித்தேன். எழுதத் தெரிந்த கை, அதை மறுக்கவில்லை.

இரண்டு பெண்கள் காதலிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவரவர் மனசு, அவரவர் பாடு. என் குறையெல்லாம் கண்ணாடி அக்கா என்ற பாத்திரத்தைப் பற்றியது.

அந்த இருவரும் மனசைத் திறக்கப்போகும் நேரமெல்லாம் பூஜையில் கரடி நுழைந்த மாதிரி நுழைபவள் அவள். தலைமேல் கண்ணாடியை வைத்துக்கொண்டு கடை முழுக்கக் கண்ணாடியைத் தேடுவாள். இருவரும் கைகோத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்க மாதிரியே இருக்கீங்கம்மா, கண்ணு பட்டுடப் போகுது" என்பாள். படிப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் அது.

அந்தக் கண்ணாடி அக்கா நான்தான். அது நான் வேலை செய்த கடை. நாவலை எழுதியவள் பல வருடங்களாக என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து லென்ஸ் வெட்டியவள். கடையில் அவளைச் சின்னவள் என்போம். டீச்சரும் நிஜமான டீச்சர்தான். தலைமேல் வைத்துக்கொண்டு நான் தேடியது ஒரே ஒருமுறை. நாவலில் அது மூன்று முறை வருகிறது. வாசகி என்ற முறையில் இதை மிகை என்பேன்.

புத்தகத்தைச் சின்னவளே கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா, கடைசி வரைக்கும் படிச்சிட்டுச் சொல்லுங்க. நடுவுல நிறுத்திடாதீங்க" என்றாள். கூடப் பிறந்தவர்கள் என்ற அந்த வரி வந்ததும் நான் மூடி வைத்துவிட்டேன்.

கோபம்தான். அதற்கு வேறு பெயர் வைக்கத் தேவையில்லை. கடைக்குப் பார்சல் கொண்டுவரும் ஆள்கூட, "என்ன கண்ணாடி அக்கா, தலையில இருக்கான்னு பாத்தீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். அவளுக்குச் சளி பிடித்தால் வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் நான். மதியம் என் டப்பாவிலிருந்துதான் முதல் வாய் எடுப்பாள். வகிடு எந்தப் பக்கம் எடுத்தால் அவள் முடி அடங்கும் என்று அவளுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். டீச்சர் வந்த பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அவளோடு வெளியே போக ஆரம்பித்தாள். நாவலில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாம். ஊர் சிரிக்க வைக்காமலாவது இருக்கலாம்.

அடுத்த வாரம் டீச்சர் வந்தாள். இந்த முறை உண்மையிலேயே பவர் மாறியிருந்தது. புத்தகத்தைப் பற்றிப் பேசச் சின்னவள் வெளியூர் போயிருந்ததால் வேலை என் கைக்கு வந்தது. டீச்சருக்குச் சிலிண்டர் பவர். அந்த லென்ஸை டாக்டர் சீட்டில் எழுதிய கோணத்தில் பொருத்தினால்தான் பார்வை நேராகும். நான் கோணத்தை மாற்றினேன், இரண்டு கண்ணுக்கும் இரண்டு விதமாக. கை நடுங்கவில்லையா என்று கேட்டீர்கள். நடுங்கியிருந்தால் லென்ஸ் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கும்.

மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் திரும்பி வந்தாள். "அக்கா, தரை ஒரு பக்கமா சாயுற மாதிரி இருக்கு. படி எங்க இருக்குன்னே தெரியல."

"புதுப் பவர் அப்படித்தாம்மா இருக்கும். பழகிடும். கழட்டிக் கழட்டிப் போட்டாத்தான் பழகாது."

"வண்டி ஓட்டலாமா?"

"தாராளமா ஓட்டுங்க. அப்பத்தான் சீக்கிரம் பழகும்."

எங்கள் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை அது, பழகிடும் என்பது. அவளும் நம்பினாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எங்க மேல கோபமா இருக்கீங்களோன்னு அவ பயந்துட்டே இருக்கா" என்றாள். எனக்கென்னம்மா கோபம் என்றேன்.

அன்று சாயங்காலம், எதிரே வந்த லாரி இன்னும் தூரத்தில் இருப்பதாக நினைத்து வண்டியைத் திருப்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. லாரிக்காரர் மேல் தப்பில்லை, அவரை விட்டுவிடுங்கள். கண்ணாடி மட்டும் உடையாமல் கிடைத்தது என்றீர்கள். அந்த ஃபிரேம் நல்ல ஃபிரேம்.

சாக வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை என்று எழுதலாம். ஆனால் வண்டி ஓட்டச் சொன்னது நான்தான். தெரிந்தேதான் சொன்னேன்.

நேற்று கடைசி அத்தியாயத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் கேட்கவில்லை, நீங்களாகப் படித்தீர்கள். அதில் இருவரும் புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள். சாவியைக் கண்ணாடி அக்கா கையில் கொடுத்துக் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள். அக்காவுக்கு முதல் நாளே எல்லாம் புரிந்துவிட்டது, ஒன்றும் தெரியாதவள் மாதிரி நடித்து இருவரையும் சேர்த்துவைத்ததே அவள்தான் என்று அப்போதுதான் தெரிகிறது. படித்து முடித்துப் புத்தகத்தை மூடினீர்கள். என் முகத்தையே பார்த்தீர்கள். அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள்.

முதல் நாளே புரிந்தது என்பது சரி. மற்றதெல்லாம் சின்னவளின் கற்பனை. அவர்கள் வாய் திறக்கும் நேரம் பார்த்துத்தான் ஒவ்வொரு முறையும் உள்ளே போனேன். நான் ஒருநாளும் வழிவிட்டதில்லை. வாசகி என்ற முறையில் அந்த முடிவு எனக்கு ஒப்பவில்லை.

சின்னவள் வந்தால் உள்ளே விடுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். இப்போது என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?