ஐந்தாவது நிறம்

ஆரணி வெயிலில், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு குளிர்நீர் மீனைப் பற்றி நான் பேசுவது உங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும், மேடம். ஆனால் அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் புரியும். ட்ரவுட் மீனுக்குச் சூடு ஆகாது. கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுத்தாலே அது ஆழத்துக்கு இறங்கிவிடும். கரையில் நின்று தூண்டில் வீசுகிறவர் கைதான் வலிக்கும். அதைப் பிடிக்கப் படகில் மெதுவாகப் போக வேண்டும், தூண்டில் பின்னால் ஆழத்தில் இழுபட்டுக்கொண்டே வர வேண்டும். இதற்கு ட்ரோலிங் என்று பெயர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனில் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வதற்கும் அதே பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் பவுல்துரை சார். நீங்கள் கேட்பது அவர் தண்ணீரில் போனதைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

அவர் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் சாயப்பட்டறைக்கு அடுத்த தெருவில் வீடு. மனைவி இல்லை. ஜாக்குலின் என்று ஒரே மகள். அவரிடம் படித்த ஒருவர் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருக்கிறார். தோட்டத்துக்குள்ளேயே ஆழமான ஏரி, அதில் சின்ன மோட்டார் வைத்த படகு. கோடை வந்தால் நாங்கள் இருவரும் கிளம்பிவிடுவோம். தூண்டில் அவர் கையில், மோட்டார் என் கையில்.

மோட்டார் பிடிப்பது சாதாரண வேலை இல்லை. வேகம் கூடினால் தூண்டில் மேலே வந்துவிடும், குறைந்தால் தரையில் போய்ச் சிக்கும். நேராகவே போனாலும் மீன் கடிக்காது. பாம்பு போல வளைந்து வளைந்து போக வேண்டும். படகு திரும்பும்போது தூண்டில் ஒரு கணம் தயங்கித் தாழும். அடிபட்ட மீன்குஞ்சு என்று நினைத்து ட்ரவுட் பாய்வது அப்போதுதான். அதனால் படகு திரும்பும்போது சார் எப்போதும் தயாராக இருப்பார்.

அந்தத் தூண்டில் நூலுக்குள் ஈயம் ஓடும். தானாகவே மூழ்கும். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிவதற்காகப் பத்துப் பத்து கெஜத்துக்கு ஒரு நிறம் கொடுத்திருப்பார்கள். "மூணு கலர் விட்டுகீறேன் மாணிக்கம்" என்பார் சார். எங்கள் ஏரியில் ஐந்தாவது நிறத்தில்தான் மீன் இருக்கும். அந்த ஐந்தாவது நிறம் வெள்ளை. நான் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் அரக்கு நிறம் ஏற்றிவிட்டேன். பட்டுக்குப் போடும் சாயம் நைலானிலும் ஏறும்.

சார் விழுந்து விழுந்து சிரித்தார். "மீனுக்குமாப்பா சகுனம் பாக்குற?" என்றார். சிரிக்கட்டும். எங்கள் வீட்டில் வெள்ளை கிடையாது. தறியில் வெள்ளைப் பாவு ஏறினால் அந்த வீட்டுக்கு வெள்ளைச் சேலை வந்துவிடும் என்று என் அம்மா சொல்வாள். நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து எடுப்பதை ஊரில் எல்லோரும் அறுப்பது என்பார்கள், எங்கள் வீட்டில் இறக்குவது என்போம். தாலி இருக்கும் வீட்டில் அறுப்பு என்ற சொல்லே கூடாது. அம்மா போன பிறகும் நான் அதை விடவில்லை. என் மனைவி பாஞ்சாலைக்கும் இது நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் காரணமில்லாமல் சந்தேகப்படுகிறவன் இல்லை என்பதற்காக. என் தொழில் அப்படி. பட்டு என்று கொடுத்தால் ஓர் இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பேன், தலைமயிர் கருகின வாசனை வந்தால்தான் வாங்குவேன். ஜரிகையை உரசிப் பார்ப்பேன். மனிதர்களை மட்டும் சும்மா விட்டுவிட முடியுமா?

இந்தக் கோடையில் முதலில் என் கண்ணில் பட்டது பாஞ்சாலையின் நகம். அவள் அப்போது பச்சைச் சேலை நெய்துகொண்டிருந்தாள். நகத்தின் இடுக்கில் பச்சைத் தூசி இல்லை. பின்கட்டில் பழைய தறி ஒன்று சும்மா கிடந்தது. அதன் மேல் போர்வை மூடியிருந்தது. சும்மா கிடக்கிற தறிக்குப் போர்வை எதற்கு? அவள் கடைக்குப் போன நேரத்தில் விலக்கிப் பார்த்தேன். வெள்ளை. பாவும் வெள்ளை, ஊடையும் வெள்ளை. முக்கால் சேலை ஓடியிருந்தது. ஓர் இழையைப் பிய்த்துக் கொளுத்தினேன். அசல் பட்டு.

கரையில் மெல்லிசாக வெள்ளி ஜரிகை இருந்ததே, விதவைச் சேலையில் ஜரிகை ஏது என்று நீங்கள் கேட்டீர்கள். நல்ல கேள்வி. பார்த்தேன். வசதியாக இருந்தவள், வெறும் வெள்ளை கட்ட மனம் வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் உயிரோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என் சாவுக்கு ஒருத்தி சேலை நெய்கிறாள்.

ஊட்டிக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"போயிட்டு வாங்க சார். வந்ததும் அறுத்துடலாம். வெள்ள ரெடி ஆயிகினு கீது. அவருக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது."

அறுத்துடலாம். என் வீட்டுக்குள் நின்றுகொண்டு, கழுத்தில் தாலியோடு, அந்தச் சொல்.

அவர்கள் எதற்காக உங்களைக் கொல்ல வேண்டும் என்று கேட்கிறீர்கள். காரணம் தெரிந்திருந்தால் அது சந்தேகமே இல்லையே. இருவருக்கும் நடுவில் தப்பாக ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சார் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் ஏரிக்குப் போய்த் திரும்பியதும் தாலி அறுப்பு என்றால், ஏரியில் ஏதோ நடக்கப்போகிறது என்றுதானே பொருள்? எனக்கு நீச்சல் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரியாது என்று இத்தனை காலம் சொல்லிவந்ததே ஓர் ஏற்பாடாக இருக்கலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றிய பிறகு எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

இனி கயிறு. லைஃப் ஜாக்கெட் போட்டால் சாருக்கு மூச்சு முட்டும். அதனால் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் படகில் கட்டிக்கொள்வார். நைலான் கயிறு உறுத்துகிறது என்றாரே என்று போன கோடையில் கழிவுப் பட்டைத் திரித்து விரல் கனத்தில் நானே ஒரு கயிறு செய்து கொடுத்தேன். ஆசையாகச் செய்தது. அவரும் எல்லோரிடமும் காட்டினார். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் சாமான்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. அதனால் அந்தக் கயிறு என் பட்டறையில்தான் இருந்தது.

அதை நடுவில் வெட்டினேன். பிறகு சேர்த்தேன்.

தறியில் பழைய பாவு தீர்ந்தால் புதுப் பாவைப் பிணைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். முடிச்சுப் போட மாட்டார்கள், முடிச்சு தறியின் அச்சுப் பல்லில் நுழையாது. இழையோடு இழையை வைத்து, விரலில் சாம்பலைத் தொட்டுத் திரிப்பார்கள். அவ்வளவுதான். காய்ந்திருக்கும்வரை இழுத்துப் பார்த்தாலும் தாங்கும். நனைந்து, ஓர் ஆள் கனமும் விழுந்தால் நழுவிவிடும். இது பெண்கள் வேலை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். எனக்கு இடதுகைப் பழக்கம், அதனால் என் முறுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் ஓடும். கயிற்றைப் பிரி பிரியாகப் பிரித்து, சாம்பல் தொட்டுத் திரித்து, மேலே அதே நிறத்தில் மெல்லிய நூல் சுற்றினேன். சார் வாங்கி இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். "சூப்பர்பா" என்றார்.

ஏரியில் அன்றைக்குக் காற்றே இல்லை. படகுக்குள் அடித்தட்டில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கயிறு அதில் ஊறிக் கிடந்தது. சார் ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டு, காலில் கனத்த பூட்ஸ். ஐந்தாவது நிறம் வெளியே போனதும் ரீலை நிறுத்தினார். நான் வளைந்து வளைந்து ஓட்டினேன். ஆழம் அதிகமான இடத்தில் படகைத் திருப்பினேன், மீனும் கடித்தது, சார் எழுந்து நின்றார். நான் இன்னும் கொஞ்சம் ஒடித்துத் திருப்பினேன். விழுந்தார். கயிறு ஒரு கணம் விறைத்தது, பிறகு தொய்ந்தது.

"மாணிக்கம், கயிறு!" என்றார். கோபமில்லை, தகவல் சொல்வது போலத்தான். நான் மோட்டாரின் வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. ட்ரோலிங் வேகத்திலேயே ஒரு பெரிய வட்டம் போனேன். நான் வந்துவிடுவேன் என்று அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரும்போது தண்ணீர் அமைதியாக இருந்தது.

மலை போலீஸ் விபத்து என்று எழுதினார்கள். கயிறு நைந்து அறுந்துவிட்டது, நீச்சல் தெரியாதவர், குளிர்ந்த தண்ணீர். சாமான் பையை என்னிடமே கொடுத்தார்கள். படகில் கட்டியிருந்த கயிற்றுத் துண்டும் அதில் இருந்தது. வழியில் எத்தனையோ பள்ளத்தாக்கு. ஒன்றில் வீசியிருக்கலாம். ஆனால் அது பட்டு, மேடம். ஆரணிக்காரன் பட்டை எறிய மாட்டான், கழிவானாலும் விலைக்குப் போகும். வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

சாரின் அடக்கம் முடிந்த மறுநாள் பாஞ்சாலை பையைப் பிரித்து வெயிலில் உலர்த்தினாள். கயிற்றின் முனை அவள் கையில் பட்டது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். முறுக்குக்குள் கொஞ்சம் சாம்பல் கரையாமல் இருந்திருக்கிறது.

"இது அறுந்த கயிறு இல்லீங்க" என்றாள். "பிணைச்ச கயிறு. எடதுகைப் பிணைச்சல்."

அவள் அழவில்லை. பின்கட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்துப் போட்டாள்.

"இது இன்னான்னு தெரியுமா? ஜாக்குலின் கல்யாணப் பொடவ. அவங்க ஜனத்துல பொண்ணு வெள்ளதான் கட்டும். தாயில்லாப் பொண்ணு, நீங்களே நெய்ஞ்சு குடுங்கக்கான்னு கேட்டுச்சி. உங்ககிட்ட சொன்னா தறிய ஒடைச்சிப் போட்டிருப்பீங்க. சார்தான், ஏரில வச்சி நானே பதமா சொல்லிக்கிறேன், நீ பயப்படாதம்மான்னாரு."

பிறகு அந்தக் கயிற்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். போகும்போது கழுத்தில் தாலி இல்லை. அறுத்ததா, கழற்றியதா என்று நான் பார்க்கவில்லை. சேலை இன்னும் தறியிலேயே இருக்கிறது. ஒரு முழம்தான் பாக்கி. அதை முடிக்கச் சொல்லுங்கள், அந்தப் பெண் பாவம்.

ஆக, ஒரு தவறான புரிதல். ஒரு சொல், ஒரு நிறம். என் இடத்தில் எங்கள் தெருக்காரர் யார் இருந்தாலும் இப்படித்தான் நினைத்திருப்பார். என்னிடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்று நேற்று சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். ஆனால் இன்று காலை ஒன்று கேட்டீர்கள். ஏரியில் சொல்லப்போவதாகக் கிளம்பியவர், அங்கே ஒன்றுமே சொல்லவில்லையா என்று.

சொன்னார்.

ஐந்தாவது நிறம் வெளியே போனதும் ரீலை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாணிக்கம், கோவிச்சிக்காத. உன் வீட்டுத் தறில வெள்ளப் பொடவ ஒண்ணு ஓடிகினு கீது. ஜாக்குலினுக்கு. பாஞ்சாலைமேல தப்பு இல்ல, நான்தான் மறைக்கச் சொன்னேன். மன்னிச்சிடுபா" என்றார். நான் உடனே நம்பினேன். வெள்ளி ஜரிகை, அந்தப் போன் பேச்சு, எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. மனசு லேசானது. "இதுக்குப் போயி மன்னிப்பா சார்" என்றேன். கண் கலங்கி என் தோளைத் தட்டினார்.

அதற்குப் பிறகு நேரம் இருந்தது. கரையோரமாகவே இன்னும் நாலைந்து வளைவு ஓட்டினேன். கயிற்றை அவிழ்த்துவிட்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள் சார் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார். வாத்தியார், விட மாட்டார். கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார். உயிருக்குயிராகப் பழகியவன் தன்னை என்னவென்று நினைத்திருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த மனிதருக்கு அதைத் தாங்க முடியாது.

ஆழமான இடம் வந்தது. திருப்பினேன். கடைசி வரை அவர் என்னை நல்லவன் என்றே நினைத்திருந்தார், மேடம். அதை நான் கெடுக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.