மட்டக்கல் மாடன்

அலோ… அலோ… தாலுகா ஆபீஸா? குமாஸ்தா அப்பாத்துரை இருக்காகளா? … நான் தில்லைநாயகம் பிள்ளை பேசுதேன். பெரியகுளத்து மேட்டு வீடு… ஆமா… ஆமா, நாளைக்கு நீங்க இடிக்கப் போற வீடுதான்.

… மில்லு ஆபீஸ்ல இருந்து பேசுதேன் தம்பி. கணக்கு ஷேக் மைதீன் அண்ணாச்சி பெரிய மனசு பண்ணி இந்த டெலிபோன் குழாயைக் கையில குடுத்திருக்காக. உம்ம குரலு கிணத்துக்குள்ள விழுந்தவன் குரலு மாதிரி கேக்கு.

விலக்கு கேட்டு மனு எழுதினேன்லா, என்னாச்சு? … ஆமா… ஆமா… சட்டம் தெரியும். குளத்து மட்டக்கல்லுல இருந்து நூறு கெஜத்துக்குள்ள வீடு கூடாது. என் வீடு உள்ள வருது. ஒத்துக்கிடுதேன். ஆனா எங்கய்யா அந்த வீட்டைக் கட்டும்போது கல்லு எங்கனயோ அத்துவானத்துல நின்னுதே, அது எப்படி?

… வீடு நகந்துச்சான்னா கேக்கீரு? நகரும் வே. போன மாசம்கூட ஒருநாளு பொடிநடையா வள்ளியூர் சந்தைக்குப் போயி, ரெண்டு மாட்டைப் பாத்துட்டு, விலை படியலைன்னு திரும்பி வந்துட்டு. என் சம்சாரம் கோமு உள்ளதான் படுத்திருந்தா. முழிக்கவே இல்ல. … சிரிக்காதீரும்.

நகந்தது கல்லு. … மனுசன்தான் நகத்தினான். கேளும். அது தண்ணி மட்டம் காட்டத் துரைமாரு நட்டது, குளத்தங்கரையில வெறுங்கல்லாத்தான் நின்னுது. குளம் நிறைஞ்சா தண்ணி அது கழுத்து வரை வரும், அதுக்கு மேல ஒரு சொட்டு வராது. ஒருநாளு நம்ம முத்துமாலை அதுல சாஞ்சு உக்காந்தான். ரொம்ப நாளாப் படுத்தின பல்லுவலி நின்னு போச்சு. மறுநாள் கல்லுக்கு மஞ்சள். வெள்ளிக்கிழமை சந்தனம், மாலை. ஆடி முடியுமுன்ன அது சுடலைமாடன், கொடை, வில்லுப்பாட்டு! சந்தனத்தை அப்பி அப்பி, துரைமாரு வெட்டின எழுத்தெல்லாம் உள்ள போயிட்டு.

… வாரேன், விசயத்துக்குத்தான் வாரேன். வக்கீல் சிவசண்முகம் கரையில பங்களா கட்டணும்னாரு. கல்லு அங்கன குறுக்க நிக்கி. உம்ம ஆபீஸ்ல விலக்கு கேட்டாரு, கிடைக்கல. … கிடைக்கலைல்லா? அப்ப சட்டம் உசுரோடதான் இருந்திருக்கு. உடனே, "மாடன் இப்படிச் சேத்துல நிக்கலாமா? மேட்டுல பீடம் கட்டித் தாரேன்"னாரு. ஊரே அழுதுட்டு வே. டில்லி தர்பார் வருசத்துக் கொடைக்கு மேளதாளத்தோட மாடனைத் தூக்கிட்டுப் போயி மேட்டுல வச்சாக. என் வீட்டுக்குப் பக்கத்துல. கல்லு இருந்த இடத்துல பங்களா எந்திரிச்சுது. அதுக்கப்புறம் குளம் ஒருதடவைகூட நிறையல. இப்ப உம்ம ஆளுக கரையைச் சுத்தம் பண்ணுதோம்னு சங்கிலியோட வந்து, சாமி காலடியில இருந்து அளந்தானுக. பங்களா வெளிய. நான் உள்ள.

… சாட்சியா? தாசில்தார் முன்னால வந்து "அது சாமியில்ல, சர்க்கார் கல்லு"ன்னு எவன் சொல்லுவான்? முத்துமாலைகிட்டக் கேட்டேன். "பல்லுவலி திரும்ப வந்தா நீங்களா பாப்பீக?"ங்கான்.

… சரி, நான் சொன்னாச் செல்லாது. நீரே வந்து சந்தனத்தைச் சுரண்டிப் பாரும். உள்ள எழுத்து இருக்கும். நீரு வேதக்காரர்லா, மாடன் உம்மை என்ன செஞ்சிரப் போறான்? … ஏன்? … ஓ, வீட்ல முழுகாம இருக்காகளா… இப்பத் தொடப்படாதா… யாரு, பாதிரியாரா சொன்னாரு? … ம். மாமியாரா. சரி, சரி.

தம்பி, விலக்கு வேண்டாம். தவணை குடும். தை வரைக்கும், மழை விடட்டும். கோமுவுக்கு வாதம். கட்டிலோடதான் தூக்கணும். "எங்க கொண்டு போறீக?"ன்னு கேப்பா. நான் என்ன சொல்லட்டும்? …

முடியாதா…

யாரது பக்கத்துல இருமுதது? … அலோ… அடடே, வக்கீலய்யாவா! அங்கனயேதான் இருந்தீகளா? ரொம்ப சந்தோசம். … ஆமா… ஆமா… நானா? மாடனுக்குப் பூசாரியாவா? … பீடத்துக்குப் பின்னால குச்சு வீடு போட்டு இருந்துக்கிடலாமா! அதுக்கு மட்டும் கெஜம் கிடையாதாக்கும்? … இடிச்ச செங்கல்லை வச்சே கட்டிக்கிடணுமா. வருசத்துக்கு ஒரு வேட்டி வேறயா. உங்க தாராளம் யாருக்கு வரும்? … வேண்டாம்யா.

… என்ன சத்தமா? மழை. மில்லுத் தகரத்துல விழுது. காலையில இருந்து களக்காட்டு மலையே கண்ணுக்குத் தெரியல. … பங்களாவா? வரும்போது பாத்தேன். தண்ணி முன்படியை நக்கிட்டு இருந்துது. … எது வரை வருமா? மட்டக்கல்லு வரைதான். கல்லு இப்ப நிக்கித மேட்டுக்குத் தண்ணி ஏறணும்னா திருநெல்வேலியே முழுகணும். ஆனா குளம் பழைய இடத்துலதான் போயி நிக்கும். சாமியைத் தூக்கிட்டுப் போனதை அதுகிட்ட எவனும் சொல்லலையே, பாவம்.

… பழைய இடம் எதுவா? தூக்கினது நீங்க, என்கிட்டக் கேக்கீக? … கோவப்படாதீக, சொல்லுதேன். கூடத்துல தேக்கு ஊஞ்சல் போட்டிருக்கீகள்லா… ஆமா… அதுக்கு நேர் கீழ. கல்லு என் இடுப்பு உயரம். தண்ணி கழுத்து வரை வரும்னு சொன்னேனே, கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீக…

அலோ? … யாரு? அப்பாத்துரையா? வக்கீலய்யா எங்க? … ஓடிட்டாரா! குடையை விட்டுட்டா? … ஆமா… ஆமா… அப்ப நாளைக்கு? …

நாளைக்கு நாளைக்குத்தானா. அதுல மாத்தமில்ல. …

சரி தம்பி. வரும்போது கட்டில் தூக்க ரெண்டு ஆளு சேத்துக் கூட்டிட்டு வாரும். பைய தூக்கணும், அவளுக்கு வலி தாங்காது. … என்னது? … எங்க கொண்டு போகணுமா?

அதைத்தான்யா அவளும் கேப்பா. …

அலோ… தம்பி… அலோ…

அண்ணாச்சி, இந்தாங்க. குழாய்க்குள்ள யாரும் இல்ல.