தலைவர் குரலும் இருக்கிற டேப்

டேப்பம்மா: ...பார்த்து இறங்குங்க சார், அந்தப் படி வழுக்கும். உங்களுக்கு இங்க வந்து பழக்கமில்லை பாருங்க.

தலைவர்: ஏன், வந்திருக்கேனே...

டேப்பம்மா: வந்தீங்க, வந்தீங்க. பதினெட்டு வருஷம் முன்னாடி, இந்த டேப் ரூமுக்கு ரிப்பன் வெட்ட. கத்தரிக்கோலைக்கூடத் திருப்பித் தரலை.

தலைவர்: உன் வாய் இருக்கே... சரி, சாயங்காலம் ஆறு மணிக்கு ரேடியோவுல எனக்குப் பிரிவு உபசார நிகழ்ச்சி. தெரியுமில்ல?

டேப்பம்மா: தெரியாம? பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விளம்பரம் போகுதே. "வானொலியின் முதுகெலும்பு"ன்னு. கேட்டதும் என் முதுகே நிமிர்ந்துடுச்சு.

தலைவர்: அது நிகழ்ச்சி தயாரிக்கிற பசங்க எழுதினது. நான் எவ்வளவோ வேண்டாம்னேன்...

டேப்பம்மா: ஆமா ஆமா. பச்சை மையில திருத்தம் மட்டும் நீங்க.

தலைவர்: அதுல... அணை உடைஞ்ச அன்னைக்கு நடந்ததும் வரும்.

டேப்பம்மா: வராம? டூட்டி ஆபீசரா இருந்த நீங்க, நிறுத்தச் சொல்லி வந்த அமைச்சர் ஆபீஸ் போனைத் தூக்கி எறிஞ்சுட்டு, "வெள்ள எச்சரிக்கையைப் படிம்மா, வர்றதை நான் பார்த்துக்கறேன்"னீங்களே!

தலைவர்: கிண்டலா?

டேப்பம்மா: ஐயோ, நான் எங்க சார்... அன்னைக்குப் படிச்சவளே நான்தானே. எனக்கே அந்தக் கதை உங்க விருது விழாவுலதான் தெரிஞ்சுது.

தலைவர்: பழசைக் கிளறாதே. உனக்கு நான் என்ன குறை வச்சேன்?

டேப்பம்மா: ஒரு குறையும் இல்லை. மறுவாரமே "தொண்டை சரியில்லை"ன்னு எழுதி டேப் அடுக்க அனுப்பினீங்க. பாவம், என் தொண்டைக்கே அது தெரியாது.

தலைவர்: மேலேர்ந்து நெருக்கினாங்கம்மா... வலிச்சிருக்கும். தெரியும்.

டேப்பம்மா: வலிச்சுது சார். இன்னும் செய்தி நேரம் வந்தா வாய் தானா முணுமுணுக்குது.

தலைவர்: ...அந்த டேப் இருக்கா?

டேப்பம்மா: எதுக்கு?

தலைவர்: நிகழ்ச்சிக்குத்தான். உன் குரலையும் ஊர் கேட்கட்டுமே.

டேப்பம்மா: அதுக்கு ஒரு பியூனை அனுப்பினா போதாதா? நாலு மாடி நீங்களே இறங்கி...

தலைவர்: முக்கியமான டேப். என்கிட்டயே இருக்கட்டும். அடுத்த மாசம் ஒலிபரப்பு ஆணையத்துல தலைவர் பதவி வேற தர்றாங்க... எதுவும் தப்பாப் போயிடக்கூடாது.

டேப்பம்மா: ஓ, அதுவும் உண்டா! நீங்க விட்டாலும் நாற்காலி உங்களை விடாது போல.

தலைவர்: கொடும்மா, நேரமாச்சு.

டேப்பம்மா: இந்தாங்க. அன்னைக்குத் தேதி போட்ட பெட்டி.

தலைவர்: என்னம்மா... காலியா இருக்கு?

டேப்பம்மா: பெட்டி சரியான பெட்டிதான் சார்.

தலைவர்: டேப் எங்க? உன்னைத்தான் கேட்கறேன்!

டேப்பம்மா: நிகழ்ச்சிக்குத்தானே சார்? காலையிலயே பசங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. "தலைவர் குரலும் இதுல இருக்கா"ன்னு கேட்டாங்க. "இருக்கே, முதல்லயே வரும்"னேன். ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஸ்பீக்கர்ல நீங்க பேசினதையும் என் மைக் பிடிச்சு வச்சிருக்கு... "படிக்காதே, அமைச்சர் சாப்பிட்டு எழுந்திரிச்சு அனுமதி தரட்டும்"னு. மூணு தடவை. அதுக்கப்புறம்தான் நான் படிக்கிறேன்.