அப்பா எடைக்குச் செஞ்ச விமானம்

ஒரு சின்னக் கதை சொல்லட்டுங்களா? மணியைப் பாக்காதீங்க... சாப்பாடு எங்கயும் ஓடிப் போயிடாது.

உடுமலைப்பேட்டைப் பக்கம் திருமூர்த்தின்னு ஒருத்தர். மில்லுல மரவேலை. அவருக்கு ஒரு கிறுக்கு... சொந்தமா விமானம் செய்யணும்! எஞ்சின் கிடையாதுங்க. கிளைடர். ஜீப்புல கயிறு கட்டி இழுத்து விட்டா, வெயில் சூட்டுல மேல கிளம்புற காத்தைப் பிடிச்சுப் பருந்தாட்டம் சுத்தும். தகரக் கொட்டகையில பதினோரு வருசம்! கட்டையை இழைச்சு இழைச்சு, கிராம் கிராமா எடையைக் குறைச்சாரு. பறந்தாருங்க... ஆசை தீரப் பறந்தாரு.

அப்புறம் கண்ணுல கோளாறு. இனிப் பறக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. மகளைக் கூப்பிட்டாரு. தாரணி... முறையாப் பறக்கப் படிச்ச பொண்ணு. "கண்ணு, இனி இது உன்னுது."

குடுத்துட்டாரா? அதான் இல்லை!

சீட்டுக்குப் பக்கத்துல அவரே பெயிண்டுல எழுதி வெச்சிருக்காரு. 'எழுபது கிலோவுக்குக் குறைஞ்சவங்க ஏறக் கூடாது.' முன்னால உக்கார்றவங்க லேசா இருந்தா, வால் கனத்து, மூக்கு தூக்கி, விழுந்துரும். தாரணி எத்தனை கிலோ? நாப்பத்தெட்டு!

"ஏனுங்கப்பா, சீட்டுக்கடியில ஈயக்கட்டி வெச்சு முடுக்குனாப் போதுங்களே... எல்லாரும் அப்படித்தானுங்களே செய்யறாங்க?"

"என்னது! கிராம் கிராமா நான் குறைச்ச விமானத்துல ஈயக்கட்டியா? நீ சாப்பிடு!"

காலையில நாலு முட்டை. மத்தியானம் நெய்யில மிதக்குற பருப்பு. சாயங்காலம் நேந்திரம்பழம். பங்குனி போச்சு... சித்திரை பாதி போச்சு... அந்த மேல கிளம்புற காத்து எத்தனை நாளைக்குங்க? பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்க ஆரம்பிச்சுட்டா, அப்புறம் அடுத்த வருசந்தான்! வானத்துல பருந்து சுத்துது... இவ கையில நேந்திரம்பழம்! கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்தா, நடந்தா... நடந்த நடையில தின்னதெல்லாம் கரைஞ்சு போச்சு.

ஒரு நாள் காலையில அப்பாவோட பழைய கோட்டைப் போட்டுக்கிட்டு எடை மிசின்ல ஏறி நின்னா. எழுபது! மனுசன் குதிக்கிறாரு. "அம்மிணி, இங்க வந்து பாரு!"ன்னு சம்சாரத்தைக் கூப்பிடறாரு.

தாரணி கோட்டைத் திறந்தா. இடுப்பைச் சுத்தி... ஈயக்கட்டி!

"கண்ணு தெரியாதவன்னு என்னையே ஏமாத்தறியா?"

"ஆமாங்கப்பா, ஏமாத்துனேன். இது என் இடுப்புல இருந்தாப் பொய். உங்க சீட்டுக்கடியில இருந்தா என் உசுரு. எங்க வெக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

மனுசன் ஸ்பானரை எடுத்தாரு. தன் கையாலயே ஈயக்கட்டியைச் சீட்டுக்கடியில வெச்சு முடுக்குனாரு.

மறுநாள் உச்சி வெயில்ல பறந்தா பாருங்க! முக்கால் மணி நேரம். கீழ மனுசன் ஒரு நிமிசம் உக்காரலை. அவ இறங்குனதும் ஓடிப் போயி, "ஆடுச்சா கண்ணு?"

"ஆடவே இல்லைங்கப்பா... நீங்க கூட உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு."

பெத்தவங்களே! கடையைக் குடுக்கறீங்க, தொழிலைக் குடுக்கறீங்க, உங்க ஆசையைக் குடுக்கறீங்க. சந்தோசம். ஆனா எல்லாம் உங்க எடைக்குச் செஞ்சது! பிள்ளைக்குப் பொருந்தலைன்னா என்ன சொல்றீங்க? "தின்னு! இன்னும் தின்னு! என்னாட்டம் ஆகு!" அதுக்குள்ள அதோட காத்து போயிருதுங்க... பிள்ளையை விடுங்க. சீட்டுக்கடியில ஈயக்கட்டியை முடுக்குங்க.

அதோ, முன் வரிசையில ஒருத்தர் மகனைத் திரும்பிப் பாக்கறாரு. பாருங்க சார், நல்லாப் பாருங்க... அவன் எத்தனை கிலோன்னு உங்களுக்குத் தெரியுமா?