ஏழாம் பெட் ரிசல்ட்

மத்தியானம் இரண்டரை மணி. பேய்க்கு ராத்திரிதான் டியூட்டி என்று உங்களுக்கு யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள்… கரண்ட் வரும்போது வரட்டும்.

என் சிநேகிதனுடைய மச்சான் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்தவர். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பிணவறையைத் தாண்டி லேப்புக்குப் போகிற ரோட்டில் ஒரு காக்கா இல்லை. வெயில் எப்படி என்றால், அவருடைய நிழலே நிழல் தேடி ஒதுங்கிவிட்டது. பின்னால் மட்டும் செருப்புச் சத்தம்… சரக்… சரக்… இவர் நின்றால் அதுவும் நின்றது.

யாரப்பா அங்கே பின்வரிசையில் காலைத் தேய்ப்பது? சும்மா கேட்டேன்.

எந்த மருந்துக்கும் மசியாத கிருமிக்குப் புது மருந்து ஒன்று வந்திருந்தது. அதைச் சோதிக்க ஃப்ரீசரிலிருந்து பழைய குப்பி ஒன்றை எடுத்தார். மீசை உறைந்து உதிர்கிற குளிர். உள்ளே ஓர் அம்மாவைக் கொன்ற கிருமி. அந்த அம்மா போய்ப் பதினோரு வருஷம். கிருமி மட்டும் சௌக்கியம்.

கொன்றது கிருமி மட்டும்தானா என்பது அவருக்குத்தான் தெரியும். கிருமியைத் தட்டில் தடவி, மேலே மருந்து வில்லைகளை வைத்து, மறுநாள் காலைவரை வளரவிட வேண்டும். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி எதுவும் வளராது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அந்த அம்மாவின் கிருமியைச் சோதித்த அன்றைக்கு, இவர் சினிமா அவசரத்தில் சாயங்காலமே பார்த்தார். எங்கேயும் ஒன்றும் வளரவில்லை. வளர நேரம் எங்கே? ‘மருந்துக்குக் கேட்கும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். காலையில் தட்டு முழுக்கக் கிருமி. யாரிடமும் மூச்சு விடாமல் எரிக்கப் போட்டார்… மூன்றாம் நாள் அந்த அம்மா படுத்திருந்த ஏழாம் பெட் காலி.

இப்போது அதே குப்பியைத் திறந்தார். அந்தக் கிருமிக்கே உரிய பழுத்த திராட்சை வாடை. சுவரிலிருந்த போன் அடித்தது.

“ஏழாம் பெட்லேர்ந்து பேசறேன் தம்பி. என் ரிசல்ட் வந்துடுச்சா?”

“நாளைக்குக் காலைலதாம்மா தெரியும்.”

மூச்சு இழுக்கிற சத்தம்… “அன்னிக்கும் இதையே சொல்லியிருக்கலாமேப்பா.”

கிருமியைத் தட்டில் தடவி, புது மருந்து வில்லையை வைத்துவிட்டு, விடியவிடிய அங்கேயே உட்கார்ந்திருந்தார். காலையில் புது வில்லையைச் சுற்றித் துடைத்துவிட்டாற்போல் வட்டம். மருந்து வேலை செய்தது. யாருக்கு?

பழைய ரெஜிஸ்டரில் அந்த அம்மாவின் மகன் நம்பரைத் தேடிப் போன் போட்டார். ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார்.

“தெரியும் சார். நேத்து மத்தியானமே அம்மா போன் பண்ணிச் சொன்னாங்க…” என்றார் மகன். “உங்க பக்கத்துலதானே இருக்காங்க? கொஞ்சம் அவங்ககிட்ட போனைக் குடுங்களேன்.”