மீன் இல்லாத குளம்

“மீனே இல்லாத குளத்துல மீன் வளர்த்தவங்க மச்சான் நாம!”

அம்பிட்டிய பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் போனை மடியில் வைத்துவிட்டேன். அவர் பக்கத்தில் மனைவி. எதிர்ப்பக்கச் சீட்டில், அவரோடு முன்பு வேலை செய்த நண்பர்.

“பின்ன?” என்றார் நண்பர். “புது மொடல் படகு எஞ்சின ஓட்டிப் பாக்குற எடம்னு வெளிய தெரிஞ்சா வேலையே போயிரும். வீட்லயும் மீன் பண்ணைன்னுதானே சொல்லச் சொன்னாங்க.”

“அந்தப் படகு என்னா வேகம்!” என்றார் முன் சீட்டுக்காரர். “தொப்பி பறந்து போனாலும் சிரிப்பு நிக்காது. ஆனா பக்கத்து வீட்டு அக்கா, ‘ஒங்க குளத்து மீன் நல்ல ருசி’ன்னு சொல்லுவாங்க. அதுதான் இன்னும் புரியல.”

மனைவி ஜன்னலிலிருந்து திரும்பினார். “ஒங்க சட்டைய தொவைச்சவ நான். ஒருநாளாவது மீன் வாடை அடிச்சிச்சா? ஒரே பெற்றோல். ஊருக்கு சந்தேகம் வரக்கூடாதுன்னு கண்டி மார்க்கட்டுல மீன் வாங்கி, எங்க வீட்டுக்காரரு குளத்து மீனுன்னு நான்தான் குடுத்தேன்.”

நண்பர் சீட்டைத் தட்டிச் சிரித்தார். “என்னா மீனு தங்கச்சி?”

“சூரை.”

“அடியே, அது கடல் மீனு!” என்றார் கணவர்.

“அதனால என்னா? நம்ம லயத்து வீடு அத்தனையும் வாங்கித் தின்னுச்சு. ஒருத்தராவது கேட்டாங்களா?”

“ஏன் கேக்கல?”

“குளத்துச் சத்தம் நம்ம வாசல் வரைக்கும் கேக்கும்ங்க. மீனு அப்பிடியா கத்தும்?”