எறும்புக்கு எதற்கு சர்வே நம்பர்?

வத்தல்மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு பெண்ணும் அவள் அண்ணனும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க சாமைக் கொல்லையில காலேஜ்காரங்க வந்து எறும்பு எண்றாங்கண்ணா."

"எறும்பையா? என்னாத்துக்கு?"

"ஆராய்ச்சியாம். மழ கொறஞ்சா எறும்பும் கொறயுதான்னு பாக்கறாங்களாம்."

"எண்ணிட்டுப் போவட்டுமே."

"எறும்பு எண்ண வந்தவன் எதுக்குண்ணா சர்வே நம்பர் கேக்கறான்?"

"எறும்பு பேருக்குப் பட்டா மாத்தப் போறானோ என்னமோ!"

அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலையடிவாரத்தில் எனக்கு அரை ஏக்கர் இருக்கிறது. போன வாரம் அதே ஆராய்ச்சிக்காரர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, கேட்காமலேயே பட்டாவை ஜெராக்ஸ் எடுத்தும் கொடுத்த மகராசன் நான். பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்றிருந்தபோதும் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நீ நம்பரக் குடுத்துட்டியா?"

"நான் என்ன பைத்தியமா? நெலம் கைய வுட்டுப் போச்சுன்னா எங்க போய் நிக்கறது?"

"அப்பறம் என்னா சொன்ன?"

"உங்க கொல்லை நம்பரச் சொல்லியுட்டேன்."

அண்ணன் எழுந்து கண்டக்டரிடம் கேட்டார்.

"தாலுக்கா ஆபீசுக்கு எங்க எறங்கணுங்க?"

கண்டக்டர் சொன்ன ஸ்டாப்பில் அண்ணனுக்கு முன்னால் இறங்கியது நான்தான்.